வாய் தைத்த பை

ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பனியன்
என் கையைத் தாண்டிப் போகும்.
தோள், கழுத்துப்பட்டி, அடிமடிப்பு, லேபிள்:
பத்து நொடி.
சரியென்றால் வலப்பக்கம்.
ஊசி தாவியிருந்தால் இடப்பக்கம்.
கடல்தாண்டி யாரோ ஒரு கோடைக்கு உடுத்தி
அடுத்த கோடையில் அதைக்கொண்டு கார் துடைப்பார்கள்.
அதற்குப் பத்து நொடியே எச்சு.

வீட்டில் ஒரே ஒரு கோட்டு.
கருநீலம், கம்பளி.
கோயமுத்தூரில் சவரிமுத்து மாஸ்டர்
மூன்று முறை வரச்சொல்லி,
சாக்குக்கட்டிக் கோடும் வெள்ளை ஓட்டுத்தையலுமாக
மேலே போட்டுப் பார்த்துப் பார்த்துத் தைத்தது.
விலை சொல்ல மாட்டேன்.
பெருந்துறையிலிருக்கும் நாத்தனார் காதுக்கு எட்டினால்
பவுனில் கணக்குப் போடுவாள்.

தெய்வசிகாமணி மெர்ச்சண்டைசர் ஆகிவிட்டார்.
பையர் வந்தால் கோட்டோடுதான் நிற்க வேணும்.

பில்லின் பின்பக்கம் மாஸ்டர் எழுதியிருந்தார்:
ஒருநாள் போட்டால் இரண்டுநாள் ஓய்வு.
கம்பி ஹேங்கர் ஆகாது, அகலத் தோள்கட்டை வாங்கவும்.
டிரைகிளீனிங் வருசத்துக்கு ஒருதரம், அதுவே போதும்.
இஸ்திரிப்பெட்டி நேராகப் படக்கூடாது.
கடைசி வரிக்குக் கீழே
பேனா முள் காகிதத்தைக் கிழிக்கும்படி ஒரு கோடு:
பக்கப் பைகளின் வாய்த்தையலைப் பிரிக்க வேண்டாம்.
பிரித்தால் கை போகும்.
கை போனால் பை தொங்கும்.
பை தொங்கினால் கோட்டு போச்சு.

அப்படியே செய்தேன்.
ஆடியில் கணவாய்க் காற்று
காங்கயம் ரோட்டுப் புழுதியை வாரிவந்து
ஜன்னல் திட்டில் கொட்டும்போது
பழைய வேட்டியில் உறை தைத்து மூடினேன்.
அந்துருண்டைக்கு பையர் மூக்கைச் சுளிப்பானென்று
நாலு துண்டு வசம்பு முடிந்து தொங்கவிட்டேன்.
பிரஷ் பிடித்தால் மேலிருந்து கீழே,
காலரைத் தூக்கிக் கழுத்து மடிப்புக்குள்ளும்.
சுருக்கம் விழுந்தால்
குளியலறையில் வென்னீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி
ஆவியில் மாட்டிவைப்பேன்.
பையன் பல்விளக்கக் கதவு தட்டுவான்.
"கோட்டு குளிக்குது சாமி, இரு."

அந்த வெள்ளிக்கிழமை
ராத்திரி பத்து மணிக்கு வந்தார்.
ஒரு பனியனுக்கு எட்டு சென்ட் குறைத்துவிட்டானாம்.
சோறு போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தார்.
"பேச்சுக்கெல்லாம் கொறையில்லீங்.
கையை எங்க வெக்கறதுன்னுதான் தெரியல."

பையர் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டு
சுவரில் சாய்ந்து நின்றானாம்.
இவர் முன்னால் கோத்தால் சாமி கும்பிடுகிற மாதிரி.
பின்னால் கட்டினால் வாத்தியார் நிறுத்திவைத்த மாதிரி.
மார்பில் கட்டினால் திமிர்.
கடைசியில் மேசைமேல் கிடந்த சாம்பிளை எடுத்து
மடித்து, பிரித்து, மடித்து
நின்றாராம்.
அதற்குள் எட்டு சென்ட்.

அவர் தூங்கினதும்
கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த
நூல்வெட்டுக் கத்தரியை எடுத்தேன்.
ஒரு பைக்குப் பதினொரு தையல்.
இழுத்ததும் வந்துவிட்டது,
பிரிக்கத்தான் போட்டதோ என்னவோ.
மணிக்கட்டுவரை கையை விட்டுப் பார்த்தேன்.
வெளிச்சமே படாத லைனிங்,
மண்பானைத் தண்ணீர் மாதிரி குளுகுளுவென்று.

மூன்று வருசம் ஆச்சு.
இடதுபை கால் அங்குலம் தொங்குகிறது.
செக்கிங் டேபிளுக்கு வந்தால்
நானே இடப்பக்கம் தள்ளுவேன்.
எட்டு சென்ட்டை அவன் திருப்பித் தரவுமில்லை.

போன வாரம் பிரஷ் போடும்போது
பையை வெளியே இழுத்து உதறினேன்.
கடலைத்தோல்.
அவினாசி போன பஸ் டிக்கெட் ஒன்று.
எந்த ஆர்டருக்கு வந்த சாம்பிளோ,
ஒரு வெள்ளைப் பட்டன்,
விரல் உரசி உரசி ஓரம் மழுங்கி.

மற்றதைக் கூட்டித் தள்ளிவிட்டு
பட்டனை மட்டும் திரும்ப உள்ளே போட்டேன்.
கை போனால்
ஏதாவது தட்டுப்படட்டும்.