பேருந்துக் கணக்கு

அட்டவணை சொல்கிறது: நலம்.
ஆண்டில் எண்ணூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள்,
முப்பத்தெட்டுப் பேர்,
கேள்விக்கு முதல் பதில் வர
சராசரி ஆறு மணி நேரம்.

சராசரி சாதுவான பொய்யன்.
பிரித்துப் பார்த்தேன்.
முப்பத்தோரு பேர் ஒரே ஒருமுறை வந்து
எழுத்துப்பிழை திருத்திப் போனவர்கள்.
ஆறு பேர் தைப்பூசத்தோடு சரி.
மிச்சமெல்லாம் தவநேசன்,
சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்,
பின்னிரவு இரண்டேகால்.
மின்வெட்டு இரவுகளில் மட்டும்
கோடு படுத்துக் கிடக்கிறது.
போன அறிக்கையில் அதை
ஓய்வு என்று குறித்தது நான்தான்.

ஒன்பது கிளினிக்குகள்
இந்த நிரலை நம்பி மாத்திரை எண்ணுகின்றன.

உம்லாசியிலிருந்து நோக்வாசி என்றொருத்தி
மார்ச்சில் கேட்டிருக்கிறாள்:
ஜூலுவில் காலாவதித் தேதி தப்பாக வருகிறது,
நான் சரிசெய்யட்டுமா?
பதினொரு நாள் கழித்து, "தாராளமாக."
அதற்குள் அவள் போய்விட்டாள்.
வராதவர்களுக்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை.

கடைசிக் கேள்வி:
எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால்
இந்த மென்பொருள் நின்றுபோகும்?
எங்கள் தொழிலில் இப்படித்தான் கேட்பார்கள்,
சிரித்துக்கொண்டே.
ஒன்று, என்று தட்டினேன்.
விரல் அங்கேயே நின்றது.

தவநேசனுக்குச் செய்தி அனுப்பினேன்:
வேலைக்குப் போகையில்
ஹிக்கின்சன் நெடுஞ்சாலையை எங்கே கடக்கிறாய்?

"பாலத்து மேலதான். ஏன்?
மழைனா மட்டும் குறுக்கால ஓடிருவேன்."

டர்பனில் மூன்று நாளாக மழை.
அறிக்கையை அப்படியே விட்டுவிட்டு
நோக்வாசியின் முகவரியைத்
தேட ஆரம்பித்தேன்.