ஐந்து வீதம்

தொலஸ்பாகைக்கு மேலே
கைவிட்ட காரீயச் சுரங்கத்தின் வாயிலில் கறுப்பாக ஒரு குன்று.
மலை கக்கினது என்பார்கள் லயத்தில்.
என் தாளில் அது நாற்பதாயிரம் கனமீற்றர்.

உள்ளே மினுங்குவது தங்கமில்லை.
மழையும் காற்றும் ஒன்றாய்த் தொட்டால்
புளிக்கத் தொடங்கும் கல்.
பீலிக்கரை செம்மஞ்சளானது அதனால்தான்.
குளித்த பிள்ளைகள் கண்ணைக் கசக்கியதும்.

ஆகவே அதற்கொரு போர்வை வரைந்தேன்:
அடியில் சல்லி,
கீழிருக்கும் புளிப்பு மேலே ஏறாமலிருக்க.
அதன்மேல் அறுபது சென்ரிமீற்றர் களி,
ஈரம் போகுமுன் உருளை ஏற்றி அடித்தது.
களி காயக் கூடாது. காய்ந்தால் வெடிக்கும்,
வெடிப்புக்குள் முதலில் நுழைவது காற்று.
ஆகவே ஒரு மீற்றர் மண்.
மண் ஓடாமலிருக்க மானாப்புல்.
மூன்றுக்கு ஒன்று சரிவு.
நூறு துளி விழுந்தால் ஐந்து இறங்கலாம்,
மிச்சமெல்லாம் கானுக்குப் போய்விட வேண்டும்.

போர்வைக்குக் கீழே ஒரு தொட்டி புதைத்திருக்கிறோம்.
ருவன்சிறி காலையில் குழாயைத் திறந்து அளப்பான்.
ஜூனில் பெய்தது எண்ணூற்றுப் பன்னிரண்டு,
தொட்டிக்கு வந்தது முப்பத்தொன்று.
அன்றைக்கு இரண்டு பேரும்
பஸ் வரும்வரை சிரித்துக்கொண்டே நின்றோம்.

ஓகஸ்ட்டில் தொண்ணூற்றாறு.

ஏறிப் பார்த்தேன்.
புல்லைக் காணவில்லை.
சரிவை வெட்டிப் படிபடியாய்ப் பாத்தி,
பாத்திக்குப் பாத்தி தண்ணீர் தேங்கி நிற்க,
கம்பு பிடித்து ஏறியிருந்தது போஞ்சி.
அவ்வளவு நேர்த்தியான பாத்தி
என் வரைபடத்தில்கூட இல்லை.

"யாருக்கும் சொந்தமில்லாத மண்ணுதானே, மிஸ்"
என்றாள் ஜெபமலர், கையைப் பாவாடையில் துடைத்தபடி.
"ஏழு பேர்ச் தாறோம்னு நான் கல்யாணம் முடிச்ச வருசம் சொன்னாங்க.
இப்ப மகளுக்குப் பேசிக்கிட்டு இருக்கோம்."
பிறகு, கோபமேயில்லாமல்:
"இந்தக் குப்பைக்கு ஒரு மீற்றர் மண்ணு
எங்கயிருந்து வாங்கினீங்க?"

என்னிடம் ரசீது இருந்தது.
லொறி எண், திகதி, விலை எல்லாம் இருந்தது.
நான் பிறந்ததும் இதே மாதிரி லயத்தில்,
எட்டுக்குப் பத்து அறையில்.
அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.
தேங்கும் தண்ணீர் பற்றிச் சொன்னேன், களி பற்றி,
கீழே பீலியில் அவள் பேத்தி குளிப்பது பற்றி.
கேட்டாள். எல்லாம் விளங்கியது அவளுக்கு.
முதல் கம்பை அவளே பிடுங்கினாள்.

ஒரு பை போஞ்சி தந்தாள்.
தாளித்துச் சாப்பிட்டேன். நார் இல்லாத பிஞ்சு.
அறிக்கையில் எழுதியது
"மூன்றாம் தரப்பினரால் சேதம்" என்றுதான்.

புல் திரும்பப் பிடித்துவிட்டது.
இன்றைய அளவு ஆறு வீதம், இன்னும் ஒன்று கூட.
மிச்ச மண் பதினெட்டு லோட் கேட்டடியில் நிற்கிறது.
எங்கே கொட்ட என்று சாரதி கேட்கிறான்.
வரைபடத்தை விரித்தேன்.
கான் இருக்கிறது, வேலி இருக்கிறது, தொட்டிக்குக்கூட இலக்கமிருக்கிறது.
லயம் இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் வெள்ளைத் தாள்.

அங்கே, என்று கையைக் காட்டினேன்.
மழை இறங்குமுன் போய்விடு.