டுலூத்துக்கும் ஃபார்கோவுக்கும் நடுவே

நேற்றிரவு பதினொரு பேர்.
பார்க்காரனைச் சேர்த்தால் பன்னிரண்டு.
வேனுக்குள் ஈரச் சாக்ஸ், ஆம்ப்ளிஃபயர்,
டிரம்மில் தலைவைத்துத் தூங்கும் வென்டல்.
கிட்டாரில் அறுந்த கம்பியை
விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள் கார்லிஸ்,
மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்த
அதே விரல்.

மூன்றே கால் மணி. பனி.
பெட்ரோல் பங்க் கல்லாவில் ஒரு பையன்.
அவன் டி-ஷர்ட்டில் எங்கள் பெயர்:
வெட் சிமெண்ட்.
முதல் டூருக்கு அச்சடித்தது,
எழுத்து பாதி உதிர்ந்திருந்தது.

எந்த ஊரில் கேட்டாய் எங்களை என்றேன்.
விழித்தான்.
பழைய துணிக்கடையில் இரண்டு டாலராம்.
ஏதோ கட்டடக் கம்பெனி
என்று நினைத்தானாம்.

உனக்கு நன்றாயிருக்கிறது என்று
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டாள் கார்லிஸ்.

வென்டலை எழுப்பிச் சொன்னோம்.
எந்த சைஸ் என்று கேட்டுவிட்டு
மறுபடி தூங்கிப் போனான்.