ஜெபக் குறிப்பு

கொளத்தூர், மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது.
எட்டுப் பேர், ஏழு நாற்காலி.
நான் பிரிட்ஜில் சாய்ந்து நின்றேன்.
எபினேசருக்கு விசா, செல்வராணிக்கு முழங்கால்.
உங்களுக்கு? என்றார் ஜாய்ஸ் அக்கா.
ஒன்றுமில்லை என்றேன்.
அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஞாயிறு, ஆராதனை முடிந்ததும்
நாற்காலி அடுக்க ஆள் குறைந்தது. போனேன்.
பாட்டு வராது, சாட்சி சொல்ல வராது;
பிளாஸ்டிக் காலோடு கால்
பொருத்த வரும்.

அடுத்த புதன் முடிவு ஜெபம் என் முறையாம்.
கண்ணை மூடினேன்.
"ஆண்டவரே" வரைக்கும் வந்தது.
பிறகு மின்விசிறிச் சத்தம்தான்.
பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது.
யாரோ ஆமென் என்றார்கள்,
எல்லோரும் சொன்னார்கள்.

செருப்பு மாட்டியவன் திரும்பி வந்தேன்.
அக்கா, அந்த "ஒன்றுமில்லை"யை அடித்துவிடுங்கள்.
எழுதுங்கள்:
அப்பா. ஸ்டான்லி ஆஸ்பத்திரி. ஏழாவது வார்டு.