பொய்க்கு வயது நாற்பத்தேழு

பயிற்சி இதழின் மூன்றாம் பக்கத்தில்
செல்வராணி இருந்தார்.
வயது 47, வீட்டு வேலை,
வியாசர்பாடி, ஒன்பதாவது குறுக்குத் தெரு.
"ஒவ்வொரு மழைக்காலமும்
எங்கள் வாழ்வாதாரத்தைக் கேள்விக்குறியாக்குகிறது" என
வேதனையுடன் தெரிவித்திருந்தார்.

பிழை திருத்துவது என் வேலை.
ஒற்று மிகும் இடம், மிகா இடம்
பார்த்துக்கொண்டே வந்தவள்
செல்வராணியிடம் நின்றேன்.
ஓர் ஒற்றுகூடத் தவறவில்லை.
அதுதான் இடித்தது.

கேன்டீனில் சமோசாவைப் பிய்த்தபடி
ஹெப்சிபா ஒப்புக்கொண்டாள்:
"கால்வாய் வெள்ளம்னு போட்டேன், கட்டுரை வந்துச்சு.
மனுஷங்க வேணும்னு கேட்டேன்,
மனுஷங்க வந்தாங்க."
திட்ட வாய் வரவில்லை.
அந்த வாரம் அவளுக்கு மூன்று அசைன்மென்ட்,
சாயங்காலமானால் தி.நகர் துணிக்கடையில்
பத்து மணி வரை நிற்கிற வேலை.
போன செமஸ்டரில்
'செயற்கை நுண்ணறிவு எழுத்தறிவு: சிறுகுறிப்பு வரைக'
ஐந்துக்கு ஐந்து வாங்கியவள்.
நான் நாலரை.

சனிக்கிழமை நானே போனேன்.
பேசின் பாலம் தாண்டி ரயில் மெதுவாக
கால்வாயின் வாடை முதலில் ஏறியது,
பிறகுதான் வியாசர்பாடி ஜீவா வந்தது.

"ஒன்பதாவதா? ஏழோட முடிஞ்சிரும்மா.
அதுக்கப்புறம் செவுரு."
செவுருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம்.
செல்வராணி
ரயில் பாதையில் குடியிருந்தார்.

நாலாவது தெருவில் ஒரு செல்வராணி உண்டு.
வயது பதினொன்று.
சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தாள்.
வெள்ளத்தைப் பற்றிக் கேட்டதற்கு
"ஸ்கூல் லீவு" என்றாள்.

செவுரோரம் அத்தோ கடை.
அகலத் தட்டில் நூடுல்ஸைக் கையாலேயே
பிசைந்துகொண்டிருந்தவளிடம்
மூன்றாம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.
சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள்.
"வாழ்வாதாரமா?
இன்னா, ஓட்டு கேக்க வந்தாளா அவ?"

பிறகு கோஸ் நறுக்கியபடி
யாரும் கேட்காமலே சொன்னாள்:
"தண்ணி ஏறிச்சின்னா கட்டில் மேல அடுப்பு.
அடுப்பு மேல பூனை.
நாங்க எங்கன்னு கேளு.
மாடி வூட்டுக்காரி படிக்கட்டுல
மூணு நாளு, ஆறு பேரு.
அவ ஒரு வார்த்த திட்டல.
அதான் தாங்கல."

பெயர் கேட்டேன்.
"போடாத. மாடி வூட்டுக்காரி படிப்பா."
வயது?
"அதுவும் போடாத. ரெண்டு முட்ட சேத்துக்கவா?"

திரும்பும் ரயிலில்
ஒலிப்பதிவை மென்பொருளுக்குக் கொடுத்தேன்.
அது பூனையைப் பானை ஆக்கியது.
அடுப்பு மேல் பானை.
எவ்வளவு பொருத்தமான தவறு!
யார் பிடித்திருப்பார்கள்?
நேரில் கேட்டிருக்காவிட்டால்
நானும் ஒற்று மட்டும் பார்த்து
அனுப்பியிருப்பேன்.

பானையை எடுத்துவிட்டுப் பூனையை வைத்தேன்.
கைப்பழக்கத்தில் அப்படியே
'ஏறிச்சின்னா'வை 'புகுந்தால்' ஆக்கி,
'வூட்டுக்காரி'யை 'உரிமையாளர்' ஆக்கி,
'தாங்கல'வுக்கு முன்னால்
'வேதனையுடன்' என்று தட்டியபோதுதான்
விரல் நின்றது.
இந்தக் குரல் தெரிந்த குரல்.
செல்வராணி இதைப் பேசக் கற்றது
நம் வீட்டில்தான்.
ஒவ்வொன்றாய் அழித்தேன்,
பெரம்பூரே தாண்டிப் போய்விட்டது,
அதற்கு முன் இறங்கித் திரும்பியிருக்க வேண்டும்:
ஏறியதே எதிர்த்திசை வண்டி.

திங்கட்கிழமை ஆசிரியர் குழுவில்
இரண்டு தாளையும் வைத்தேன்.
ஒன்றில் பெயர், வயது, தொழில், தெரு.
மற்றதில் 'பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்'.
பக்கம் வடிவமைக்கும் கௌதமராஜ்
கணினியிலிருந்து தலை தூக்காமல்,
"பாத்தா முதல்லதுதான் நிஜம் மாதிரி இருக்கு" என்றான்.
அவன் சொன்னதில் தப்பில்லை.
நாங்கள் படித்த பாடமெல்லாம்
அவன் பக்கம்தான் நின்றது.

ஹெப்சிபா இரண்டையும் படித்தாள்.
இரண்டாவதை இன்னொரு முறை.
"பூனை என்ன ஆச்சு?" என்றாள்.

அதை நான் கேட்கவில்லை.

அவள் பையை மாட்டிக்கொண்டாள்.
"கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?
எனக்குப் பத்துக்கு முடிஞ்சிரும்."