பதிவுத் தபால்

ஓய்வூதியம் கொடுக்கும் நாள்.
செதூபல் துறைமுகத்து அஞ்சலகத்தில்
வரிசை கதவைத் தாண்டி
மீன் ஏலக் கூடம் வரை நின்றது.
அதற்கு முந்தைய நாள் என்ன உடுத்தினேன்,
யாருக்கு எத்தனை எஸ்குடோ எண்ணிக் கொடுத்தேன்,
ஒன்றும் தெரியாது.
சாதாரணத் தபால் அந்த நாட்களெல்லாம்.
தொலைந்தால் கேட்க ரசீதும் கிடையாது.

பத்து இருபதுக்கு
கண்ணாடியின் அரைவட்டத் துளைக்குள்
ஒரு துப்பாக்கியின் வாய் நுழைந்தது.
விளிம்பில் பிறை போல ஒரு கீறல்.
விசையில் இருந்த விரலில்
நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை சிவந்திருந்தது.
வரிசையில் யாரோ உரித்த ஆரஞ்சின் வாசனை.
இருபத்தேழு வருடம் ஆயிற்று,
அந்தக் கீறலை இப்போதும் வரைந்து காட்டுவேன்.

முகம்?
இருந்திருக்க வேண்டும்.
துப்பாக்கி தானாக நடந்து வராதே.

எட்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் அபீலியு
ஐந்து பேரைச் சுவரோரம் நிறுத்தினார்.
"நிதானமாகப் பாருங்கள், தோனா தியோலிந்தா."
மூன்றாவது ஆளிடம் வந்ததும்
முழங்கால் கரைந்தது, நாக்கு அண்ணத்தில் ஒட்டியது,
காதுக்குள் மறுபடி பத்து இருபது.
இவன்தான் என்றேன்.
கேட்டிருந்தால்
மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.

அவன் தொப்பியைக் கழற்றினான்.
"நான் பெலார்மினு, ரொட்டி வண்டிக்காரன்.
அன்றைக்கு உங்களைத் தரையிலிருந்து தூக்கியது நான்தானே?
தண்ணீர்கூடக் கொடுத்தேன்.
என் தோளில் வாந்தி எடுத்தீர்கள்."

வரிசைக்கு ஓர் ஆள் குறைகிறதென்று
தெருவிலிருந்து அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.
ரொட்டிக் கூடை இன்னும் வாசலில் இருந்தது.

முப்பத்தொரு வருடம் முத்திரை குத்தியவள்,
எனக்காவது புரிந்திருக்க வேண்டும்.
பயம் ஒரு மோசமான குமாஸ்தா.
மை தெறிக்க ஓங்கிக் குத்தும்,
பதிவுத் தபால் என்று சிவப்புச் சீட்டு ஒட்டும்,
முகவரியை மட்டும் சரிபார்க்காது.
முதலில் அகப்பட்ட முகத்தின் மேல்,
என்மேல் குனிந்த அந்த முகத்தின் மேல்
குத்திவிட்டது.

தலைக்குள் வாதுமைப் பருப்பு அளவில் ஒன்று இருக்கிறதாம்,
அதன் வேலை இது என்றார் டாக்டர்.
அவ்வளவு சின்னதா என்று கேட்டேன்.

துப்பாக்கிக்காரன் பிடிபடவே இல்லை.
எதிரில் வந்திருந்தால்
வணக்கம் சொல்லிக் கடந்திருப்பேன்.
பெலார்மினு அதன்பிறகு
என் கவுண்டர் காலியாக இருந்தாலும்
அடுத்ததன் நீள வரிசையில் போய் நிற்பான்.
எனக்காகத்தான் அது.
தெரிந்தும் ஒருநாள்கூட
இங்கே வா என்று என்னால் கூப்பிட முடிந்ததில்லை.

போன மாதம் அவன் அடக்கத்துக்குப் போனேன்.
பூ வைக்கக் குனிந்தபோது
கை நடுங்க ஆரம்பித்தது, அதே நடுக்கம்.
துக்கம் என்று நினைத்து
அவன் மனைவி என் கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.
நான் மறுத்துச் சொல்லவில்லை.