பத்துக்கு ஒன்பது

வில்லாபுரத்தில் என் கடை.
கடை என்றால் ஒரு மேசை, ஒரு லேப்டாப்,
அதற்குள் மூவாயிரத்து நூற்றுப் பதினான்கு ஜாதகம்.

வைகாசி முகூர்த்தங்களுக்கு நடுவில் அது நோய்ப்பட்டது.
ஒருமுறை எழும், மறுமுறை எழாது.
எழுந்தாலும்
ஒரு மிருகசீரிஷத்தைத் தேடச் சொல்லிவிட்டு
டீக்கடைக்குப் போய் வரலாம்.

அக்கா மகன் கார்வண்ணன் பெங்களூரிலிருந்து சொன்னான்:
எஸ்.எஸ்.டி. மாத்தணும் சித்தி,
பபிள்கம் பட்டை மாதிரி இருக்கும்,
நீளத்தை மட்டும் பாத்துக்கங்க.
கட்டம் போடும் ஸ்கேலால் அளந்தேன்.
நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.
அதே நீளத்தில் ஒன்று வரவழைத்தேன்.
உட்கார்ந்தது.
திருகாணிகூட முரண்டு பிடிக்காமல் இறங்கியது.
லேப்டாப்பைக் கேட்டால்
அப்படி யாரும் இங்கே வரவில்லை என்கிறது.

டவுன்ஹால் ரோட்டில் பை கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
செருப்பை வெளியே விடச் சொன்னாள் ஹசீனா.
சாம்பல் நிற விரிப்பில் இரண்டையும் பக்கத்தில் வைத்தாள்,
பெண்ணையும் மாப்பிள்ளையையும் போல என்று
நான்தான் நினைத்துக்கொண்டேன்.

'பாருங்கக்கா, பழசுக்குப் பல்வரிசையில ஒரு வெட்டு.
நீங்க வாங்குனதுக்கு ரெண்டு.
ரெண்டு வெட்டுக்காரன் எங்க விட்டாலும் உள்ள போயிருவான்.
ஆனா இது சாட்டா.
உங்க ஸ்லாட்டு என்.வி.எம்.இ. மட்டுந்தான் பேசும்.
உக்கார்றது வேற. பேசுறது வேற.'

பிறகு கேள்வி மேல் கேள்வி.
என்ன மாடல், எந்த வருசம், எத்தனை ஜிபி வரை தாங்கும்,
சில்லு ஒரு பக்கமா ரெண்டு பக்கமா,
ரெண்டு பக்கம்னா அடிமூடி மூடாதுக்கா,
சூடு எவ்வளவு, வாரண்டி எவ்வளவு.
லேப்டாப்பைக் கவிழ்த்து எண் பார்த்து
கம்பெனிப் புத்தகத்தைத் திரையில் தேடி
மறுபடியும் எண் பார்த்தாள்.
எந்த மாப்பிள்ளை வீட்டையும்
நான் இவ்வளவு கேட்டதில்லை.

அவனியாபுரத்துச் சாருலதா.
தினம் கணம் மகேந்திரம் என்று
விரல் மடக்கி நான் போட்டுக் கொடுத்த வரன்.
பத்துக்கு ஒன்பது. ரஜ்ஜு உட்பட.
பசுமலையில் மண்டபம்,
தாம்பூலப் பையில் எனக்குத் தனியாக ஒரு எவர்சில்வர் டப்பா.
ஏழாம் மாதம் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.
அடிக்கவில்லையாம். குடிக்கவில்லையாம்.
'நான் ஒருத்தி அங்க இருக்கிறதே
அவருக்குத் தெரியலைக்கா.'
தண்ணீர் கொடுத்தேன்.
ஒரு பரிகாரம் சொன்னேன், எந்தக் கோவில் என்பது மறந்துவிட்டது.
டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

நாலாயிரத்து இருநூறு.
நூறு குறைக்கச் சொன்னேன், ஐம்பது குறைத்தாள்.
பழையதிலிருந்து புதியதற்கு மூன்று மணி நேரம்
ஜாதகங்கள் குடிபெயர்ந்தன.
கீழே பை கடையில் விளக்குப் போட்டார்கள்.
பதினொரு கோப்பு மட்டும் படிக்க வரவில்லை என்றாள்.
பட்டியல் எடுத்துக் கொடுத்தாள்.
நாலாய் மடித்துப் பர்ஸில் வைத்தேன், பார்க்கவில்லை.

'இந்த முதல் ஆளைத் திருப்பி அனுப்பிரலாமா?'
'சீல் பிரிச்சாச்சே, எடுக்க மாட்டாங்க.
ஆனா இது கெட்டதில்லைக்கா.
இந்த இடத்துக்கு இல்ல, அவ்வளவுதான்.'
அறுநூறு ரூபாய்க்கு ஒரு கூடு, ஒரு முழ ஒயர்.
செருகினாள்.
நீல விளக்கு எரிந்து, அதே நிமிடம்,
அவள் லேப்டாப்பில் தன் பெயரைச் சொன்னது.

பெரியாரில் பஸ் கிடைக்க எட்டரை ஆனது.
மடியில் இரண்டும்.
நாளை முதல் விண்ணப்பத் தாளில்
ஒரு கேள்வி சேர்க்க வேண்டும்.
கிரைம் பிராஞ்ச் தாண்டும் வரை
வெவ்வேறு மாதிரி அமைத்துப் பார்த்தேன்.
எப்படிக் கேட்டாலும்
பெற்றவர்கள் 'ஆம்' என்றுதான் எழுதுவார்கள்.